பாவாயி போட்ட வட்டம்

செப்டம்பர் 16, திங்கள்

முதலாளியின் மகள் கவின்மதி இன்று இந்த நோட்டை என் கையில் கொடுத்து, அன்றன்றைக்கு எந்த இடத்தில் வெல்டிங் வைத்தேன் என்று எழுதி வைக்கச் சொன்னாள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவளிடம் நோட்டைக் கொடுக்கிறாளே! எழுத்துக்குப் பயந்துதான் இரும்பைப் பிடித்தேன் அம்மிணி என்றேன். சிரிக்கவில்லை. இன்ஜினியர் படிப்பு முடித்தவர்களிடம் சிரிப்பைப் பிடுங்கிக்கொண்டுதான் சர்டிபிகேட் கொடுப்பார்கள் போலிருக்கிறது.

சரி, எழுதுகிறேன். வெல்டிங்கை மட்டும் எழுதினால் எனக்கே தூக்கம் வந்துவிடும். மற்றதும் வரும்.

நாமக்கல்லில் வையாபுரி முதலாளியின் லாரி பாடி கட்டும் பட்டறையில் பத்தொன்பது வருடமாக நான் வெல்டர். அதற்கு முன்னால் என் வீட்டுக்காரர் இங்கே வெல்டர். மஞ்சள் காமாலையில் அவர் போன பிறகு, கூட்டிப் பெருக்க வந்தவள் அவருடைய முகமூடியை எடுத்து மாட்டிக்கொண்டேன். இதுவரை பாவாயி வைத்த ஒட்டு ஒன்றுகூட விட்டதில்லை. பீற்றிக்கொள்ள இதை எழுதவில்லை. இல்லை, பீற்றிக்கொள்ளத்தான் எழுதுகிறேன்.

அம்மிணிக்கு லாரி பாடி அலுத்துவிட்டது. மான்ஸ்டர் டிரக் கட்டப் போகிறாள். ஆள் உயரச் சக்கரம் நாலு, அதற்கு மேலே ஜீப் மாதிரி ஒரு கூடு. பழைய கார்கள் மேல் ஏறி அப்பளமாக நொறுக்கும். மண் மேட்டில் ஏறி ஆகாயத்தில் பறந்து விழும். நவம்பர் 10, ஞாயிற்றுக்கிழமை, கோவைப் பொருட்காட்சியில் ஓட்டிக் காட்ட வேண்டும். எட்டு வாரம் இருக்கிறது. விழுந்தால் எழுந்திருக்குமா என்று கேட்டேன். அதற்குத்தான் நீங்கள் இருக்கிறீர்களே என்றாள்.

நோட்டில் முதல் பக்கம் பட்டறைச் சட்டத்தை எழுத வேண்டுமாம். ஒரே சட்டம்தான். பாதியில் நிற்கிற வேலையைச் சுற்றிச் சாக்பீஸால் வட்டம் போட வேண்டும். வேலை முடிந்ததும் போட்டவர்தான் அதைத் துடைக்க வேண்டும். வேறு யாரும், முதலாளியே ஆனாலும், கை வைக்கக் கூடாது. வட்டம் இல்லை என்றால் பாக்கி இல்லை.

செப்டம்பர் 20, வெள்ளி

நாலு நாளாக டயருக்குச் சவரம் செய்கிறோம். கல் குவாரி லோடரில் ஓடித் தேய்ந்த டயர்கள். ஒவ்வொன்றும் ஐந்தரை அடி. அப்படியே மாட்டினால் கனம் தாங்காது, பறக்கிற வண்டி குதிக்கக்கூட முடியாது என்று அம்மிணி சொல்லிவிட்டாள். சூடு பண்ணிய கத்தியால் டயர் மேல் புடைத்திருக்கிற ரப்பர் கட்டைகளைப் பட்டை பட்டையாகச் சீவுகிறோம். உடம்பெல்லாம் ரப்பர் நாற்றம். இன்றைக்கு மட்டும் இரண்டு மூட்டை சீவல். என் வீட்டுக்காரர் தாடியைக்கூட நான் இவ்வளவு அக்கறையாகப் பார்த்ததில்லை.

செப்டம்பர் 27, வெள்ளி

டிரைவர் வந்துவிட்டார். திருச்செங்கோட்டு அர்த்தநாரி. வடநாட்டுக்கு டிரெய்லர் ஓட்டிக்கொண்டிருந்தவர். பெண்டாட்டி போய் ஆறு வருடம். மகளைக் கட்டிக் கொடுத்துவிட்டார். வயது ஐம்பது என்கிறார். முழங்காலைக் கேட்டால் அறுபது என்று சொல்லும். உட்கார்ந்து எழுந்தால் அப்படி ஒரு சத்தம்.

வண்டியின் நடுவில் ஒற்றைச் சீட்டு. அவர் முதுகுக்கு அளவெடுத்து, அசையாதபடி ஐந்து பெல்ட் வைத்துக் கட்டுகிறோம். பறந்து விழும்போது உடம்பு ஒரு விரற்கடை ஆடினாலும் முதுகெலும்பு போய்விடுமாம். அளவெடுக்கும்போது, இவ்வளவு கட்டுப் போட்டு உட்கார வைக்க உங்கள் வீட்டில் யாரும் இல்லாமல் போய்விட்டார்கள் பாருங்கள் என்றேன். “கட்டறதுக்கு நீ இருக்கயே பாவாயி, அவுக்கறதுக்கு யாரக் கூப்புடறது?” என்றார். பதிலுக்குப் பதில் பேசுகிற ஆள். பிழைத்துக்கொள்வார்.

பிழைத்துக்கொள்ள வேண்டும். இன்றைக்குத்தான் அம்மிணி கணக்குச் சொன்னாள். ஐந்து டன் வண்டி, பத்தடி உயரத்திலிருந்து விழும். நடுவில் இந்த ஆள்.

அக்டோபர் 3, வியாழன்

வண்டிக் கூட்டின் குழாய்கள் எல்லாம் வெல்டிங் முடிந்தது. வட்டம் ஒன்றும் இல்லை.

அக்டோபர் 10, வியாழன்

இன்றைக்கு வேலை பின் ஆக்ஸிலில், அதாவது பின் சக்கரம் இரண்டையும் தாங்குகிற அச்சில். ஆக்ஸிலை வண்டியோடு பிடித்துக்கொள்ள நாலு இரும்புக் கம்பம். கம்பத்தின் நுனியை மாட்ட ஆக்ஸில் மேல் நாலு காது. சக்கரம் தரையில் அடிக்கிற அடி முழுவதும் இந்தக் காதுகளில்தான் வந்து இறங்கும். அதனால் ஒவ்வொரு காதுக்கும் வெளிப்பக்கம் ஒரு வெல்டிங், உள்பக்கம் ஒரு வெல்டிங், பிறகு உள்பக்கத்தை ஒரு தகடு வைத்து மூடிவிட வேண்டும். மூடிய பிறகு உள்ளே இருப்பதை யாரும் பார்க்க முடியாது.

வெளிப்பக்கம் நாலும் முடித்தேன். உள்பக்கம் மூன்று முடித்தேன். நாலாவதைப் பிடிக்கும்போது கரண்ட் போய்விட்டது. ஒன்று மட்டும் பாக்கி. வட்டம் போட்டுவிட்டு, நாளைக்குப் பூஜை என்று கடலைப் பருப்பு வாங்கக் கிளம்பினேன்.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. பட்டறை முழுக்கக் கழுவிவிட்டோம். லேத்துக்கு மாலை, கேஸ் சிலிண்டருக்கு விபூதிப் பட்டை, என் முகமூடிக்குப் பொட்டு. முகமூடிக்கு வைத்த பொட்டு எனக்கு வைத்ததைவிட நேராக இருந்தது.

அர்த்தநாரிக்குப் பின் ஆக்ஸிலைக் கொடுத்தார்கள். என்னைச் சுமக்கிற சாமி, நானே குளிப்பாட்டுகிறேன் என்று மண்ணெண்ணெயும் ஈரத் துணியுமாக உட்கார்ந்து மூலை முடுக்கெல்லாம் துடைத்தார். ஒரு தூசி விடவில்லை. துடைத்துவிட்டு நாலு காதுக்கும் சந்தனம் வைத்து, அதில் குங்குமம் வைத்தார். கூப்பிட்டுக் காட்டினார். தன் கன்னத்திலும் சந்தனத்தை இழுவிக்கொண்டு நின்றார். துடைத்துவிடலாம் என்று கை போனது. போனதோடு சரி.

பார்வைக்கு நன்றாக இருந்தது. ஆக்ஸிலைச் சொல்கிறேன்.

அக்டோபர் 14, திங்கள்

காதுகளுக்குத் தகடு வைத்து மூடினேன். வட்டம் எதுவும் கண்ணில் படவில்லை. சந்தன வாசம் இன்னும் இருந்தது. மத்தியானத்துக்குள் வேலை முடிந்து, பெயிண்டர் காதர் கறுப்புப் பெயிண்ட் அடித்துவிட்டார்.

அக்டோபர் 22, செவ்வாய்

டிப்பரிலிருந்து இறக்கிய டீசல் இன்ஜினைக் கூட்டுக்குள் வைத்துவிட்டார்கள். சக்கரத்துக்கு இரண்டு வீதம், குலுக்கலைத் தாங்குகிற ஷாக் மாட்டி, உள்ளே நைட்ரஜன் காற்றை அடைத்தாயிற்று. முன் சக்கரம் ஸ்டீயரிங்கில் திரும்பும். பின் சக்கரத்தைத் திருப்பத் தனியாக ஒரு சுவிட்ச். இரண்டையும் ஒன்றாகத் திருப்பினால் ஐந்து டன் நண்டு மாதிரி பக்கவாட்டில் போகிறது. காதர் கதவில் ஒரு காளையை வரைந்து “கொல்லிமலைக் காளை” என்று எழுதிவிட்டார்.

அம்மிணி ஒரு சின்னப் பெட்டியைக் காட்டினாள். நடுவில் சிவப்புப் பொத்தான். அமுக்கினால் வண்டியில் டீசல் அடைபட்டு இன்ஜின் நிற்கும், பிரேக்கும் தானாகப் பிடிக்கும். டிரைவர் மயங்கினாலும், வண்டி அடங்காமல் கூட்டத்தின் பக்கம் திரும்பினாலும், வெளியே நிற்பவர் நிறுத்தலாம். இந்தப் பெட்டி இல்லாமல் மான்ஸ்டர் டிரக் ஓட்டக் கூடாது. இப்படி ஒன்று என் வீட்டுக்காரருக்கு இருந்திருந்தால் குறட்டையை நிறுத்தியிருப்பேன்.

அக்டோபர் 28, திங்கள்

தண்ணீர் வற்றிய ஏரிக்குள் முதல் ஓட்டம். மண் பறந்தது. ஊரே வந்து கரையில் நின்றது. சின்ன மேட்டில் ஏறி, ஒரு முழம்தான் பறந்தது, விழுந்தது, குலுங்கியது, நின்றது. அர்த்தநாரி இறங்கி வந்து கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்.

பின்னால் “டிக்” என்று ஒரு சத்தம் வருகிறது. இடது பக்கம் திருப்பும்போது மட்டும். அம்மிணி ஷாக்கைப் பார்த்தாள், போல்ட்டைப் பார்த்தாள். எல்லாம் இறுக்கமாக இருக்கிறது. டிரைவர் முழங்காலைப் பாருங்கள், அதிலிருந்துதான் வருகிறது என்றேன். எல்லாரும் சிரித்தார்கள்.

நவம்பர் 3, ஞாயிறு

தீபாவளி லீவு முடிந்து இரண்டாவது ஓட்டம். “டிக்” போகவில்லை. கொஞ்சம் வளர்ந்திருக்கிறது. அம்மிணி போல்ட்டுகளை மாற்றினாள். புது இரும்பு அமர்ந்துகொள்ளும்போது அப்படித்தான் சத்தம் கொடுக்கும் என்றேன். அப்படித்தான் கொடுக்கும்.

டீ குடிக்கும்போது அர்த்தநாரி மெதுவாகக் கேட்டார். “பாவாயி, எல்லா ஒட்டும் முடிஞ்சிருச்சில்ல?”

வைத்தவள் யாரென்று மறந்துவிட்டீர்களா என்றேன். மறக்கவில்லை என்று டம்ளரைக் கழுவி வைத்தார். மேலே கேட்கவில்லை. இன்னொரு தடவை கேட்டிருக்கலாம்.

நவம்பர் 6, புதன்

கொசு. தூக்கம் இல்லை.

நவம்பர் 8, வெள்ளி

பொருட்காட்சிக்காரர்களுக்கு வெல்டிங் கணக்குக் காட்ட வேண்டும், நோட்டைக் கொண்டு வாருங்கள் என்றாள் அம்மிணி. கொடுப்பதற்கு முன்னால், முதலாளியைப் பற்றி ஏதாவது எக்குத்தப்பாக எழுதியிருக்கிறேனா என்று புரட்டினேன்.

அக்டோபர் 10-இல் நின்றுவிட்டேன். ஒன்று மட்டும் பாக்கி. வட்டம் போட்டுவிட்டு.

அடுத்த நாள் ஈரத் துணி. அதற்கடுத்துத் தகடு.

நாலில் எது என்று எழுதவில்லை. கடலைப் பருப்பு வாங்கியதை எழுதத் தெரிந்தவளுக்கு அதை எழுதத் தெரியவில்லை.

பதினாலாம் தேதி தகடு மூடுவதற்கு முன்னால் உள்ளே ஒரு வெல்டிங் வைத்த மாதிரி ஞாபகம் இருக்கிறது. குனிந்து, கழுத்து வலித்து, வைத்த மாதிரி. அது பத்தாம் தேதி வலித்ததோ என்னவோ. வெளிப்பக்கம் நாலும் முழுசாக இருக்கிறது. வெளி ஒட்டு மட்டுமே தாங்கும். என் ஒட்டு தாங்கும். நாற்பது டன் ஏற்றிய டிரெய்லரைத் தாங்கியிருக்கிறது.

டிரெய்லர் பத்தடியிலிருந்து குதிக்காது.

சொன்னால் சக்கரங்களைக் கழற்ற வேண்டும், ஆக்ஸிலை இறக்க வேண்டும், நாலு தகட்டையும் வெட்ட வேண்டும். மூன்று நாள். ஞாயிற்றுக்கிழமை இல்லை என்று ஆகிவிடும். அம்மிணி கட்டிய முதல் வண்டி. பாவாயி ஒட்டு விட்டுப் போச்சு என்று நாமக்கல்லில் இருக்கிற அத்தனை பட்டறையும் பேசும். சொல்லாவிட்டால்

நோட்டைக் கொடுத்துவிட்டேன். அம்மிணி எத்தனை பக்கம் என்று மட்டும் எண்ணிவிட்டு, ஒரு கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

நவம்பர் 9, சனி

கோவை. பெரிய சக்கரங்களோடு வண்டி ரோட்டில் போகாது. லாரிச் சக்கரம் மாட்டி, டிரெய்லரில் ஏற்றிக் கொண்டுவந்து, மைதானத்தில் இறக்கித் திரும்பவும் பெரிய சக்கரம் மாட்டினோம். பழைய கார் ஆறு வரிசையாக நிற்கிறது. அதைத் தாண்டிப் பறக்க மண்ணில் சரிவு கட்டியிருக்கிறார்கள். ஏரியில் பறந்தது ஒரு முழம். இது என் தலைக்கு மேலே இன்னொரு ஆள் நின்றால் எட்டுகிற உயரம்.

சொல்லிவிடலாம் என்று காலையிலிருந்து அர்த்தநாரி பின்னாலேயே போனேன். என்ன, ஆட்டுக்குட்டி மாதிரி பின்னாலேயே வருகிறாய் என்றார். உங்கள் முழங்காலுக்கு எண்ணெய் விடலாமென்று வந்தேன் என்றேன். இந்த வாய் மட்டும் இல்லையென்றால் சொல்லியிருப்பேன்.

சாயங்காலம், சிவப்புப் பொத்தானை யார் பிடிப்பது என்று பேச்சு வந்தது. பிடிப்பவர் வேடிக்கை பார்க்கக் கூடாது, சக்கரத்தை மட்டுமே பார்க்க வேண்டும் என்றாள் அம்மிணி. முதலாளி கை நீட்டினார். அர்த்தநாரி பெட்டியை வாங்கி என் கையில் வைத்தார்.

“இவகிட்ட இருக்கட்டுங்க. என்ற உசுரு இவ கையில இருந்தாத்தான் நான் நிம்மதியா மேல ஏறுவேன்.”

எனக்கு வாயில் ஒரு கேலியும் வரவில்லை. அதை அவர் வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். சிரித்தார்.

நவம்பர் 10, ஞாயிறு

திரும்பி வரும் லாரியில் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருக்கும்.

நாலு மணிக்குக் கூட்டம் கட்டுக்கடங்கவில்லை. பிள்ளைகள் அப்பன் தோளில், அப்பன்கள் கம்பி வேலி மேல். நான் வேலிக்கு உள்ளே, மணல் மூட்டைகளுக்குப் பின்னால், பெட்டியைப் பிடித்தபடி நின்றேன். அர்த்தநாரி ஏறினார். ஐந்து பெல்ட்டையும் நான்தான் மாட்டினேன். ஐந்தாவதை மாட்டும்போது, ஏனுங்க என்றேன். அவர் தலையில் ஹெல்மெட். கேட்கவில்லை.

முதல் ஆட்டம் கார்கள் மேல் மெதுவாக ஏறி நொறுக்குவது. கண்ணாடிகள் தெறித்தன. கூட்டம் கத்தியது. நான் பின் சக்கரங்களைத் தவிர எதையும் பார்க்கவில்லை. ஒன்றும் ஆகவில்லை. பார், தாங்குகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அடுத்தது பறப்பது. அர்த்தநாரி வண்டியை மைதானத்தின் கோடிக்குக் கொண்டுபோனார். இடது பக்கமாகத் திருப்பிச் சரிவைப் பார்த்து நிறுத்தினார். இன்ஜின் போட்ட சத்தத்தில் “டிக்” எனக்குக் கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவில்லை. எல்லாச் சக்கரமும் திரும்பிய பிறகு, வலது பின் சக்கரம் மட்டும் ஒரு கண் இமைக்கிற நேரம் கழித்து, தூங்கி விழுகிறவன் தலை மாதிரி ஆடி நின்றது.

வண்டி கிளம்பியது. சரிவுக்கு நூறு அடி. கூட்டம் எண்ண ஆரம்பித்தது. எண்பது. பொத்தான் மேல் என் விரல். அமுக்கினால் என் பேச்சு முடிந்தது, பத்தொன்பது வருடம் முடிந்தது. ஐம்பது.

அமுக்கிவிட்டேன்.

இன்ஜின் செத்தது. பிரேக் பிடித்து, வண்டி மண்ணை உழுதுகொண்டே போய், சரிவின் அடியில் மூக்கை வைத்து நின்றது. பிறகு விசில், ஊளை, தண்ணீர் பாட்டில். மைக்கில் பேசியவர் சின்னக் கோளாறு என்றார். முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார். அவருக்கு முன்னால் நான் வண்டிக்கு ஓடினேன்.

அர்த்தநாரி ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார். வண்டிக்குத் தீப் பிடித்துவிட்டதா என்று கேட்டார். இல்லை என்றேன்.

“வலது பின்னாடி காது. உள்பக்கம் நான் வெல்டிங் வெக்கலீங்க. மறந்துட்டேன். எட்டாந் தேதியே எனக்குத் தெரியும்.”

அவர் கீழே இறங்கவில்லை. பெல்ட்டை அவிழ்க்கக்கூட இல்லை.

“சத்தம் எனக்கும் கேட்டுச்சு பாவாயி. நீ வெச்ச ஒட்டுன்னு ஏறுனேன்.”

திட்டியிருக்கலாம். ஓங்கி ஒரு அறை கொடுத்திருக்கலாம். ஏறிப் போய் ஐந்து பெல்ட்டையும் அவிழ்த்துவிட்டேன்.

நவம்பர் 12, செவ்வாய்

பட்டறைக்குக் கொண்டுவந்து தகட்டை வெட்டினோம். வெட்டியது நான்தான், வேறு யாரையும் விடவில்லை. உள்ளே வெல்டிங் இல்லை. வெளி ஒட்டில் நாலு விரல் நீளத்துக்கு விரிசல். பறந்து இறங்கியிருந்தால் காது பிய்ந்து, ஆக்ஸில் முறுக்கி, வண்டி தலைகீழாகப் போயிருக்கும் என்றாள் அம்மிணி. சுத்தமாக, சந்தனத் துகள் ஒட்டியபடி இருந்தது அந்த இடம்.

முதலாளி விரிசலில் விரல் நகத்தை வைத்துப் பார்த்தார். “பத்தொம்பது வருசம்” என்று மட்டும் சொன்னார். வேலையை விட்டு நிற்கச் சொல்வார் என்று முகமூடியைத் துடைத்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அதைவிடக் கொடுமையாக ஒன்று செய்தார். பட்டறை ஆட்கள் அத்தனை பேரையும் கூப்பிட்டு உட்கார வைத்து, பத்தாம் தேதியிலிருந்து நோட்டை உரக்கப் படி, எப்படித் தப்பு நடந்ததென்று எல்லாருக்கும் தெரியட்டும் என்றார்.

படித்தேன். கடலைப் பருப்பு வரைக்கும் சரியாகப் போனது. பதினொன்றாம் தேதியில் ஈரத் துணி வந்தது, சந்தனம் வந்தது. கன்னம் வந்ததும் நிறுத்திவிட்டேன். மேலே படி என்றார் முதலாளி. கை போனதைப் படித்தேன். போனதோடு சரி என்பதையும் படித்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. காதர் மட்டும் இருமினார். ஆக்ஸிலைச் சொல்கிறேன் என்ற வரியை நோட்டால் முகத்தை மறைத்துக்கொண்டு படித்தேன்.

எத்தனையோ பேரைக் கேலி பண்ணியிருக்கிறேன். ஒருத்தரைக்கூட இப்படி நிற்க வைத்ததில்லை.

அர்த்தநாரி கடைசி வரிசையில் உட்கார்ந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். துடைத்த கை. வட்டத்தைத் துடைத்தது நான்தானே என்று எழுந்து சொன்னார். துணியை வைத்திருந்தது நீங்கள், கண்ணை வைத்திருக்க வேண்டியது நான் என்றேன். அதோடு கூட்டம் கலைந்தது.

நவம்பர் 14, வியாழன்

நாலு காதையும் புதிதாக வைத்தேன். ஒவ்வொன்றும் முடிய முடிய அம்மிணி டார்ச் அடித்துப் பார்த்தாள். எந்தக் காது, உள்பக்கமா வெளிப்பக்கமா, எத்தனை மணிக்கு வைத்தேன், எல்லாம் இந்த நோட்டின் பின்பக்கத்தில் இருக்கிறது. பட்டறைச் சட்டத்தில் இன்னொரு வரி சேர்த்துவிட்டாள்: பூஜையாக இருந்தாலும், வட்டம் இருக்கிற இடத்துக்குத் துணி போகக் கூடாது.

பொருட்காட்சிக்காரர்கள் வருகிற ஞாயிற்றுக்கிழமை ஓட்டச் சம்மதித்துவிட்டார்கள்.

நவம்பர் 17, ஞாயிறு

இன்றைக்கு வேறு யாராவது பெட்டியைப் பிடிக்கட்டும் என்று ஒதுங்கி நின்றேன். பிடிக்கத் தெரிந்தவள் நீ ஒருத்திதான் என்று அர்த்தநாரி திரும்பவும் என் கையில் வைத்தார்.

வண்டி கிளம்பியது. நூறு அடி, எண்பது, ஐம்பது. நாலு சக்கரமும் ஒன்றாகத் திரும்பின, ஒன்றாக ஏறின. சரிவின் நுனியில் மேலே போய், வானத்தில் தொங்கியபோது நாலு டயரும் சும்மா சுற்றிக்கொண்டிருந்தன. நான் சீவிய டயர். ஆறு காரையும் தாண்டி இறங்கி, இரண்டு தடவை குதித்து, நின்றது. என் விரல் பொத்தான் மேலேயே இருந்தது. அம்மிணி வந்து பிரித்து எடுத்தாள். அப்போதுதான் பார்த்தேன், அவள் சிரிக்கிறாள். பல் வரிசை நன்றாகத்தான் இருக்கிறது.

கூட்டம் போன பிறகு லாரிச் சக்கரம் மாட்டிக்கொண்டிருந்தோம். அர்த்தநாரி பக்கத்தில் வந்து குந்தினார். முழங்கால் கத்தியது.

“நோட்டுல என்னயப் பத்தி எழுதுனது அவ்வளவுதானா, இன்னும் பாக்கி இருக்குதா பாவாயி?”

நட்டை முறுக்கிக்கொண்டே, இப்படி நடுவில் வந்து பேசினால் நட்டை யார் முறுக்குவது என்று விரட்டினேன். அவர் எழுந்து திரும்பி நடக்கும்போது, இடுப்பில் செருகியிருந்த சாக்பீஸை எடுத்து, அவருடைய காக்கிச் சட்டையின் முதுகில் ஒரு வட்டம் போட்டேன். நின்றார். திரும்பவில்லை. பிறகு நடந்தார்.

டிரெய்லரில் ஏறும்போது பார்த்தேன், வட்டம் அப்படியே இருந்தது. அவர் துடைக்கச் சட்டத்தில் இடமில்லை, போட்டவள்தான் துடைக்க வேண்டும். எனக்கு அவசரமில்லை.